இன்னொரு வாய் சொல்லட்டும்

மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வராது. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்ப்பாள்.

“இன்னொரு வாய் சொல்லட்டும்” என்பாள்.

இன்னொருவனும் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வாள். தேங்காய் அரைத்து ஊற்றிச் சரிசெய்வாள். ஒருவன் மட்டும் சொன்னால் அவன் நாக்கில்தான் கோளாறு. அப்படியே தின்றுவிட்டுப் போக வேண்டும். உப்புக்கு இரண்டாவது சாட்சி பிடிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் சொல்ல வருகிறவன் சிரித்துவிடுவான். சிரித்தால் செல்லாது.

“பல்லக் காட்டிக்கிட்டுச் சொல்லுதவன் சாட்சி எடுபடாதுல. மூஞ்சிய நேரா வச்சிக்கிட்டுச் சொல்லு.”

தாராவியில் அவள் கானாவளி வைத்திருந்தாள். மாதக் காசு கொடுத்து இரண்டு வேளை சாப்பிடும் இடத்துக்கு பம்பாயில் அதுதான் பெயர். ஒரே அறை. முன்பாதியில் நாங்கள் இரண்டு வரிசையாக உட்காருவோம். பதினாறு பேர். எல்லாம் தோல் கம்பெனி ஆட்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பின்பாதியில் அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் சந்து. சந்தின் மறுபக்கம் தகரச் சுவர். அந்தச் சந்தில்தான் பிறகு எல்லாம் நடந்தது.

அக்கா வேதக்காரி. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். அவள் என்னைச் சபைக்கு வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து செத்தவர் என்பார்கள். அதைச் சொன்னது ஒரே ஒரு ஆள். அக்கா கணக்கில் அது செல்லாது.

அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே தின்பாள். ஜெபம் பண்ணும்போதும் நடைதான். கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள். சுவர் வந்தால் திரும்புவாள். மோதியதில்லை.

இந்த இரண்டு வாய் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

“வேதத்துல மோசே கொண்டாந்த சட்டம்ல அது. ஒரு ஆளக் கொல்லணும்னா ரெண்டு பேரு பாத்திருக்கணும். மூணுன்னா நல்லது. ஒத்த ஆளு பேச்சக் கேட்டு ஒருத்தனையும் கொல்லப்படாது.”

“அது கொலைக்குல்லாக்கா. மீன் குழம்புக்குமா?”

“உப்புக்கே ரெண்டு வாய் தேடிப் பழகுனாத்தாம்ல உசுருன்னு வரும்போது தேடுவ.”

சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டாள்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பாதியும் உண்டு. அது ஒரு கடிகாரத்தில் தெரிந்தது. எங்களில் ஒருவன் ஊருக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போக வாங்கி வைத்த கடிகாரம். காணாமல் போனது. கட்டையாக ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்திருந்தான். அவன் எடுத்ததைப் பார்த்தேன் என்று எங்களில் மூத்தவன் ஒருவன் சொன்னான். போதாதா? பையனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாகிவிட்டது. அடிக்க ஒருவனுடைய இடுப்பு வாரும் கழன்றுவிட்டது.

அக்கா கரண்டியோடு நடுவில் வந்தாள்.

“வேற எவன் பாத்தான்?”

யாரும் இல்லை.

“ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா” என்றான் மூத்தவன்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு கண்ணுன்னா ரெண்டு சாட்சி ஆயிருமா? ஒத்தச் சாட்சிதாம்.” பிறகு வாரை வாங்கி மூத்தவன் கையில் கொடுத்தாள். “சரி. அடிக்கணும்னா அடிங்க. ஆனா பாத்தேன்னு சொன்னவன் கைதான் முந்தணும். அதுவும் சட்டம்தான். அடி. நீ அடிச்ச பொறவு இவனுவ அடிக்கட்டும்.”

மூத்தவன் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பையன் அவனையே பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழம்பு ஆறிவிட்டது. கடைசியில் வாரைக் கீழே போட்டுவிட்டு, “இருட்டுல சரியாத் தெரியல” என்றான்.

கடிகாரம் கிடைக்கவே இல்லை. பையன்தான் எடுத்தானோ என்னவோ.

*

முத்தையா என்னோடு தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தான். இருபத்திரண்டு வயசு. பக்கத்து ஊர். அக்காவின் கானாவளியில் அவன்தான் கடைசியாகச் சாப்பிட வருவான், சட்டியின் அடியில் கிடக்கும் மீன் தலைக்காக. அக்கா அதை எடுத்து வைத்திருப்பாள். மற்றவன் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பாள். அந்தப் பொய்க்கு அவள் சாட்சி தேடியதில்லை.

சீனாச் சண்டைக்கு அடுத்த வருஷம். மதுவிலக்கு இருந்தது. தாராவிச் சதுப்பில் சாராயம் காய்ச்சும் பட்டி எரியும். கள்ளச் சாராயத்தை லாரி ட்யூபில் அடைத்து, வயிற்றில் சுற்றிக்கொண்டு மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் கொண்டுபோவார்கள். பட்டிக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன் லிங்கம். அவனும் நம் ஊர்ப்பக்கம்தான். முத்தையாவைக் கூப்பிட்டான். முத்தையா மாட்டேன் என்றான். ஒரு வாரத்தில் போலீஸ் வந்து முத்தையாவைத் தூக்கிப்போனது. ட்யூப் கடத்துகிறான் என்று எவனோ சொல்லியிருந்தான். எவன் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் அடித்துவிட்டு விட்டார்கள்.

அதற்குப் பிறகு முத்தையா தோலின் ஓரம் சீவும் சின்னக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். நான் பார்த்தேன். “எடுத்து வைல” என்றேன். வைக்கவில்லை. நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி. குழாயில் தண்ணீர் வரும் நேரம். நான் வாளியோடு சந்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே லிங்கம், முகம் என் பக்கம். எனக்கும் அவனுக்கும் நடுவில் முத்தையா, முதுகு என் பக்கம். அக்கா, லிங்கத்துக்குப் பின்னால், தன் பின்வாசலில் குனிந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. லிங்கம் சட்டைப்பையிலிருந்து சைக்கிள் சங்கிலியை எடுத்து வீசினான். முத்தையா குனிந்தான். சங்கிலி தகரச் சுவரில் பட்டது. பெரிய சத்தம். அந்தச் சத்தத்தில்தான் அக்கா தலை நிமிர்ந்தாள். அவள் நிமிர்ந்தபோது முத்தையாவின் கத்தி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டு குத்து.

ஆகவே அக்கா பார்த்தது கத்தியை. நான் பார்த்தது சங்கிலியையும் கத்தியையும்.

சங்கிலியை லிங்கத்தின் கூட்டாளி ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான். முத்தையா ஓடவில்லை. நின்றான். சந்தில் எத்தனை கதவு இருந்ததோ அத்தனையும் சாத்திக்கொண்டது. அக்கா கதவு மட்டும் திறந்திருந்தது. அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து லிங்கத்தின் வாயில் விட்டாள். உள்ளே போகவில்லை. நான் வாளியை வைத்துவிட்டுக் கம்பெனிப் பக்கம் நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள்.

போலீஸ் கேட்டபோது அந்தச் சந்தில் கண் உள்ள ஒரே ஆள் அக்கா. பார்த்தேன் என்றாள். யார் என்றார்கள். பேரைச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் என் வாளியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டாள்.

“ஒன் வாளி சந்துல கெடந்துச்சு.”

வாங்கிக்கொண்டேன்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“யார்ட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. கோர்ட்டுக்கும் வராத.”

எனக்குப் புரியவில்லை. “எப்பவும் இன்னொரு வாய் வேணும்பியேக்கா?”

“அதுக்குத்தாம்ல சொல்லுதேன். நீ வந்தா ரெண்டாயிரும். ரெண்டானா அவனத் தொங்க விட்டுருவாவ. நான் ஒருத்தி மட்டும்னா ஜெயிலோட போவும். உசுரு தங்கும். நானும் பொய் சொல்ல வேண்டாம்.”

“சர்க்கார் சட்டமும் அப்பிடித்தானா?”

“கோர்ட்டுல எங்களுக்கு எந்தப் புஸ்தகத்தத் தொட்டுல சத்தியம் வாங்குதாவ? வேதத்தத்தான? அதுல கைய வைக்கச் சொல்லிட்டு அதுல உள்ளத மீறுவாவளா?”

எனக்குச் சரி என்றுதான் பட்டது. மனசு லேசாகவும் இருந்தது. லிங்கத்தின் ஆட்கள் யாரும் சும்மா விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் வராதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது.

அவள் பார்த்தியா என்று கேட்டாள். என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

செஷன்ஸ் கோர்ட்டில் தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மாதுங்காக்காரர். பாலக்காட்டுப் பக்கத்து ஐயர். அக்கா உள்ளே நடந்ததை வந்து சொன்னாள். கறுப்பு அட்டை போட்ட வேதத்தைக் கையில் கொடுத்தார்களாம். இங்கிலீஷ் வேதம்தான், ஆனாலும் அதேதான் என்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். தகரத்தில் சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தேன், முத்தையா குத்தியதைப் பார்த்தேன். சங்கிலி பார்த்தாயா என்றார்கள். பாக்கல. அவன் கையில் எதுவும் பார்த்தாயா? கத்தி.

கடைசியில், “நான் ஒருத்திதான் வந்திருக்கேன்னு எழுதிக்கிடச் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறாள்.

“அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ” என்றாராம் மாதுங்காக்காரர்.

“இதச் சொல்லுங்கய்யா.”

அவர் சொல்ல, ஜட்ஜ் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாராம்.

“தலைய ஆட்டுனாருல” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கானாவளியில் அன்று எல்லாருக்கும் இரண்டு துண்டு மீன்.

தீர்ப்பு நாளில் நானும் கூடப் போனேன். வெளியே நின்றேன். அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பின்னாலேயே மாதுங்காக்காரர் வந்தார். கையில் குடை. அவர்தான் சொன்னார்.

“தூக்கு.”

“நான் ஒருத்திதானே சொன்னேன்?” என்றாள் அக்கா.

“ஒருத்தர் சொன்னாப் போறும்மா. நம்பற மாதிரி இருந்தாப் போறும். உங்களை ஜட்ஜ் ரொம்ப நம்பிட்டார். தீர்ப்புலயே எழுதியிருக்கார், இந்தப் பொம்மனாட்டி பொய் சொல்லமாட்டாள்னு.”

“அந்தப் புஸ்தகத்துல…”

“அது சத்தியம் வாங்கறதுக்கு மட்டும்தாம்மா. சட்டப் புஸ்தகம் வேற.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் கொஞ்ச நேரம் குடையைத் தட்டிக்கொண்டு நின்றார். “அந்தப் பையன் சங்கிலி, சங்கிலின்னு சொல்லிண்டேயிருந்தான். செத்தவன் முதல்ல அடிச்சான்னு. அது மட்டும் நிஜம்னா உசிர் போகாதுதான். ஆனா நீங்க பாக்கலேன்னுட்டேள். வேற யாரும் வரல்லே.”

நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அக்கா எப்போதும் போல வேகமாக முன்னால் போனாள். சர்ச்கேட் பக்கம் கூட்டம். பத்தடி போனவள் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

“நீ சங்கிலி பாத்தியால?”

“பாத்தேன்.”

“லிங்கம் கையிலயா?”

“வீசுனான். தகரத்துல பட்டுச்சு.”

“எங்கிட்ட ஏம்ல சொல்லல?”

“நீ கேக்கலியேக்கா.”

ஒருவன் “ஏ பாயி, சலோ நா” என்று அவளைத் தள்ளிவிட்டுப் போனான். அப்புறம்தான் நகர்ந்தாள்.

*

அன்று சாயங்காலம் சட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டாள்.

“நீங்களே போட்டுக்கிடுங்க.”

“கை சரியில்லியாக்கா?” என்றான் ஒருவன்.

“இது முந்துத கை. இதால சோறு போடப்படாது.”

கடிகார விஷயத்தில் இருந்தவர்களுக்கு விளங்கியது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பரிமாறாத கானாவளி என்ன கானாவளி என்று நாலு பேர் வேறு இடத்துக்குப் போனார்கள். சமைப்பாள். ஒரு தட்டிலும் போடமாட்டாள். உப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. நடை மட்டும் கூடியது. வாசலில் கால் பட்டுப் பட்டுச் சிமெண்ட் பெயர்ந்தது.

மறுநாள் மாதுங்காக்காரர் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு மாடிப்படியில் நின்றோம். அவர் சங்கிலி விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“ஹைகோர்ட் சரின்னு சொல்லாம யாரையும் தூக்குல போடமுடியாது. அதுக்குள்ள இவர் சொல்லலாம். வக்கீலுக்கு நான் சொல்றேன். ஆனா ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கலேன்னு கேப்பா. என்ன சொல்லுவேள்?”

“நாந்தான் வராதன்னேன்னு நானே சொல்லுவேன்” என்றாள் அக்கா.

“சாட்சியைத் தடுத்தேன்னு உங்களைப் பிடிச்சு உள்ள போட்டாலும் போடுவா.”

“போடட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

செம்பூரில் அக்காவின் சபைப் பாதிரியார் இருந்தார். தாராவியிலிருந்து செம்பூருக்கு நடந்தே போனாள். நான் பின்னால். கருணை மனு எழுதித் தரச் சொன்னாள். அவர் வயசானவர். நல்ல சட்டை, நல்ல நாற்காலி. உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

“சர்க்கார் கையில் பட்டயத்தை, வெட்டுற வாளைக் கொடுத்தது ஆண்டவர்தானேம்மா” என்றார். “வீணாக் கொடுக்கலையே. ரத்தம் சிந்தினவன் ரத்தம் சிந்தப்படும்னு நோவா காலத்துலயே சொல்லியாச்சு.”

“நோவாவுக்கு முந்தி காயீன் இருக்கான்லா அய்யா. சொந்தத் தம்பியக் கொன்னான். அவனக் கடவுள் கொல்லலிய. கொல்லவும் விடலிய. ஒரு அடையாளத்தப் போட்டுல்லா அனுப்புனாரு?”

“அது வேற காலம்.”

“ஆண்டவரையே சர்க்கார்தான சிலுவைல கொன்னுச்சு?”

பாதிரியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “ரெண்டு சாட்சி, ரெண்டு சாட்சின்னு சொல்றீங்களே. அவருக்கு விரோதமா வந்து நின்னதும் ரெண்டு பேர்தாம்மா. ரெண்டு பேரும் பொய். எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு.”

அக்கா நடப்பதை நிறுத்தவில்லை. அந்த அறையில் நாலடிதான் நடக்க முடியும். நாலடி போனாள், திரும்பினாள்.

“ஒண்ணுன்னாலும் தப்பும். ரெண்டுன்னாலும் தப்பும். அப்பம் கொல்லாம இருக்கது ஒண்ணுதான அய்யா வழி?”

“அது நம்ம கையில இல்லம்மா.”

“எங்கையிலதான இருக்கு” என்று வலது கையை நீட்டினாள். “சாட்சி சொன்னவ கைதான முந்தணும்? ரூல் அப்பிடி இருக்கா இல்லியா? அப்பிடின்னா என்னக் கூப்பிட்டுக் கயித்த இழுக்கச் சொல்லட்டும். நான் மாட்டேம்னா விட்டுரட்டும்.”

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு காகிதம் எடுத்தார். மனு எழுதிக் கையெழுத்தும் போட்டார். பட்டயத்தைப் பற்றி அவர் மனசு மாறியது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எழுதினார்.

மனு விஷயம் பரவியது. லிங்கத்தின் அம்மா வந்தாள். ஒரே பிள்ளை. அந்தச் சந்தில் வாய் திறந்த ஒரே ஆள் என்று அக்காவின் கையைப் பிடித்து அழுதவள் அவள். இப்போது வாசலில் உட்கார்ந்தாள்.

“ஒன் வாயால சொன்ன சத்தியத்த நீயே முழுங்குதியாடி?”

“முழுங்கல ஆத்தா. பாத்தத பாத்தேன்னுதான் இன்னிக்கும் சொல்லுதேன்.”

“அப்பம் அவன் சாவணும்லா?”

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

“எம்புள்ள வாய்க்குள்ள நீதான தண்ணி விட்ட? எறங்குச்சா? சொல்லுடி, எறங்குச்சா?”

“எறங்கல.”

“எனக்கும் எறங்கல.”

அக்கா ஒரு தட்டை எடுத்துச் சட்டிப் பக்கத்தில் வைத்தாள். அந்த அம்மா துப்பிவிட்டு எழுந்து போனாள். நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போனேன்.

“பேசாத. அவ சொல்லுததும் சாட்சிதாம்ல” என்றாள் அக்கா.

அடுத்த வாரம் லிங்கத்தின் ஆட்கள் குழிப்பக்கம் வைத்து என் இடது கையை உடைத்தார்கள். கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டு உடைத்தார்கள். அதில் எழுத ஒன்றும் இல்லை. கட்டோடு ஹைகோர்ட்டில் போய்ச் சொன்னேன்.

ஏன் முதலில் வரவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றேன். அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா தன் முறை வந்ததும் தானே எல்லாம் சொல்லிவிட்டாள். வேதத்தில் இரண்டு பேர் இல்லாமல் கொல்லக்கூடாது என்று இருக்கிறது, அதனால் இரண்டாவது ஆளை நான்தான் மறித்தேன், என் தப்பு என்றாள். ஜட்ஜ்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளை உள்ளே போடவில்லை.

என் பேச்சை மட்டும் வைத்து நம்பியிருக்க மாட்டார்கள் என்று மாதுங்காக்காரர் பிறகு சொன்னார். அக்கா முதல் நாளே தகரத்தில் சத்தம் கேட்டேன் என்று சொல்லியிருந்தாள். அப்போது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் சங்கிலி தகரத்தில் பட்டது என்றேன். அவள் காதும் என் கண்ணும் பொருந்திவிட்டன. கொலை கொலைதான் என்றார்கள். ஆனால் தூக்கு வேண்டாம், ஆயுள் என்றார்கள். பாதிரியார் எழுதிய மனு தேவைப்படவில்லை.

அக்கா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அன்றும் சட்டியை நடுவில்தான் வைத்தாள்.

*

பிறகு முத்தையாவைப் பார்க்கப் புனா ஜெயிலுக்குப் போனோம். மூன்று மாதம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. கம்பி வலை. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வரிசையாகக் கைதிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிறார்கள். முத்தையா மெலிந்திருந்தான். தலையில் குல்லாய்.

நேரம் போய்க்கொண்டிருந்தது.

“நீ பாத்ததத்தான சொன்னக்கா” என்றான் அவன்.

“பாதிதாம்ல பாத்தேன்.”

அக்கா வலைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். வார்டர் ஒரே இடத்தில் நிற்கச் சொல்லி அதட்டினான்.

“சாப்பாடு எப்பிடில?” என்று நான் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

“தின்னுதேன். பருப்புல உப்பே போடமாட்டானுவ.”

அக்கா நின்றாள். முத்தையாவைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு மராட்டிக் கிழவன் யாருக்கோ காத்துக்கொண்டு நின்றான். அவன் பக்கம் திரும்பினாள். தன்னுடைய இந்தியில் கேட்டாள்.

“பாபா, தால் மே நமக் நஹி க்யா?”

கிழவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். துளிகூடக் கிடையாது என்று கையை விரித்தான். முகத்தை நேராக வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

“ரெண்டாச்சு” என்றாள் அக்கா. வார்டரைக் கூப்பிட்டாள். பருப்புக்கு ஏன் உப்புப் போடுவதில்லை என்று சத்தமாகக் கேட்டாள். வார்டர் அரே பாயி, அரே பாயி என்றான். முத்தையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு திரும்பி நின்றுகொண்டான். நேரம் முடியும்வரை முகத்தைக் காட்டவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. எதிர்ச் சீட்டில் ஒருவன் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினான். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று எழுதுகிறேன், கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. லோனாவ்லா தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தாள். முத்தையாவுக்கு என்று கட்டி எடுத்துவந்தது. உள்ளே விடவில்லை. இலையை என் மடியில் வைத்தாள்.

நான் எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

“பொறுல” என்றாள். வலது கையால் சோற்றை அள்ளி என் இலையில் வைத்தாள். மேலே குழம்பு. குழம்புக்குள் மீன் தலை.

நான் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்பு கூடுதல்தான். சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் முழித்திருந்த இன்னொரு வாய் இல்லை.